அகச்சிவப்பு ஒளி பச்சையாவது எப்படி?

"கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை நானோ துகள் பச்சை ஒளியாக்குகிறது என்கிறார்களே, கூடுதல் ஆற்றல் எங்கிருந்து வருகிறது?" என்று தொடக்கக் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். சந்தேகம் நியாயமானதே.

எங்கிருந்தும் வரவில்லை. இரண்டு ஃபோட்டான்களின் (ஒளித் துகள்களின்) ஆற்றல் சேர்ந்து ஒன்றாக வெளிவருகிறது, அவ்வளவுதான். இந்த நானோ துகள் ஒரு சோடியம் இட்ரியம் ஃபுளோரைடு படிகம். அதில் இட்டெர்பியம், எர்பியம் என்ற உலோகங்களின் அயனிகளைக் கலந்திருப்பார்கள். 980 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சும் இட்டெர்பியம், அந்த ஆற்றலைப் பக்கத்து எர்பியத்திடம் ஒப்படைக்கிறது. எர்பியம் பாதிப் படி ஏறி நடுத்தளத்தில் காத்திருக்கும். இறங்குவதற்குள் இரண்டாவது உந்துதலும் கிடைத்தால் மேல்மாடிக்குப் போய்விடும். ஒரு ஃபோட்டானுக்கு 1.27 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் என்றால், இரண்டுக்கும் 2.5. பச்சைக்கு 2.3 போதும், மிச்சம் வெப்பமாகிறது. எர்பியத்துக்குப் பதில் தூலியம் கலந்தால் நீல ஒளி.

நீல ஒளி மூளைத் திசுவுக்குள் ஆழமாகப் போகாது, அகச்சிவப்பு போகும். 2018இல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வாளர்களும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தினரும் இத்துகள்களை மூளைக்குள் செலுத்தி, அகச்சிவப்பை அங்கேயே நீல ஒளியாக்கி, ஒளிக்கு இணங்குமாறு மரபணு மாற்றிய எலி நரம்பணுக்களை மண்டையோட்டுக்கு வெளியிலிருந்தே தூண்டினார்கள். ஒளியிழையை மூளைக்குள் செருகத் தேவைப்படவில்லை.

ஆனால் உள்ளே போகும் ஒளியில் சிறு பங்குதான் இப்படி மாறி வெளிவருகிறது. சாதாரணக் கைவிளக்கு உதவாது, லேசர் வேண்டும்.