தி வயர்: சதுரமா, அகலமா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

பால்டிமோர் நகரப் போலீஸையும் போதைமருந்துக் கும்பல்களையும் பற்றிய ‘தி வயர்’ என்ற அமெரிக்கத் தொடரை முதலிலிருந்து மறுபடி பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். அண்ணன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பழைய டிவிடி பெட்டிதான் கையில் இருக்கிறது. புது 55 இன்ச் டிவியில் போட்டால் எல்லோரும் குண்டாகத் தெரிகிறார்கள். இரவுக் காட்சிகளில் ஒன்றுமே துலங்கவில்லை. ப்ளூ-ரேயில் படம் திரை முழுக்க வருமாமே? அப்படியென்றால் டிவிடியில் இரண்டு பக்கமும் வெட்டிவிட்டார்களா? ப்ளூ-ரே வாங்கிவிடலாமா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

வெட்டவில்லை. 2002 ஜூனில் எச்.பி.ஓ. சேனலில் தொடங்கி 2008 மார்ச்சில் முடிந்த 60 அத்தியாயங்களும், கிட்டத்தட்ட சதுரமான 4:3 ஃப்ரேமில் ஒளிபரப்பானவை. உங்கள் டிவிடியில் இருப்பதுதான் மூல வடிவம். 35 மி.மீ. நெகட்டிவில் அந்த ஃப்ரேமுக்கு வெளியேயும் கொஞ்சம் பதிவாகியிருந்தது. எச்.பி.ஓ. பின்னாளில் நெகட்டிவை மறுபடி ஸ்கேன் செய்து அந்த ஓரங்களையும் சேர்த்து அகலத் திரை வடிவமான 16:9 ஆக்கியது. ஓரத்தில் படக்குழுவினரும் கருவிகளும் தெரிந்த இடங்களைத் தேடித்தேடி அழிக்க வேண்டியிருந்தது. படம் பிடித்தவர்கள் காட்சிகளை அமைத்தது 4:3க்காகத்தான். அந்த வடிவம் 2014 டிசம்பரில் ஒளிபரப்பாகி, 2015இல் ப்ளூ-ரேயாக வந்தது.

தொடரை உருவாக்கிய டேவிட் சைமன் இந்த மாற்றத்தைப் பற்றி அப்போதே விரிவாக எழுதினார். சில காட்சிகளுக்கு அகலம் நன்மை செய்திருக்கிறது, சிலவற்றுக்குக் கெடுதல் என்பது அவர் கருத்து. இரண்டாம் சீசன் முடிவில் துறைமுகத் தொழிலாளர்கள் தங்கள் தலைவரின் உடலைச் சுற்றி நிற்கும் கிரேன் ஷாட் நன்மைக்கு அவர் காட்டிய உதாரணம். அகலத்தில் அவர்கள் இன்னும் அநாதரவாகத் தெரிகிறார்கள். அதை நானும் ஏற்கிறேன்.

ஆனால் முதல் சீசனின் நாலாம் அத்தியாயத்தில் வரும் சமையலறைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். துப்பறிவாளர்கள் பங்க்கும் மெக்நல்டியும் பழைய கொலை ஒன்றைத் திரும்ப ஆராய்கிறார்கள். ஒரே ஒரு கெட்டவார்த்தையைத் தவிர பேச்சே கிடையாது. தரையில் புகைப்படங்கள், கையில் அளவு நாடா, ஜன்னல் கண்ணாடியில் ஓட்டை. அங்கிருந்து குண்டு போன பாதையைப் பிடித்து ஃப்ரிட்ஜ் கதவுக்கு வருகிறார்கள், பிறகு ஜன்னலுக்கு வெளியே போய் மண்ணில் தோட்டா உறையைக் கண்டெடுக்கிறார்கள். இரண்டு பெரிய உடம்புகள் ஒரு சின்ன அறையில் ஒன்றையொன்று ஒதுக்கி நகர்வதுதான் அந்தக் காட்சியின் உயிர். 4:3இல் சுவர்கள் நெருக்குகின்றன, நாமும் அவர்களோடு குனிந்து தேடுகிறோம். அகலத்தில் அறைக்குக் காற்றோட்டம் வந்துவிடுகிறது, அழுத்தம் போய்விடுகிறது.

தொடரின் இந்தக் காட்சியமைப்புக்கு அடித்தளம் போட்டவர் தயாரிப்பாளர் ராபர்ட் கோல்ஸ்பெரி. 2004 பிப்ரவரியில் இறந்துவிட்டார். ரே கோல் என்ற துப்பறிவாளராக நடித்தவரும் அவரே. மூன்றாம் சீசனில் போலீஸ்காரர்கள் மதுக்கடையில் கோலுக்கு நடத்தும் அஞ்சலி, உண்மையில் அவருக்குச் செய்த அஞ்சலி. இந்த முறை அதைத் தெரிந்துகொண்டு பாருங்கள்.

இனி உங்கள் டிவி. ஆட்கள் குண்டாகத் தெரிவது, 4:3 படத்தை இழுத்து 16:9இல் நிரப்புவதால். டிவி ரிமோட்டில் 4:3 அழுத்தினாலும் பல சமயம் பலிக்காது. பிளேயர் படத்தை எச்.டி. தரமான 1080பி-க்கு உயர்த்தி அனுப்பும்போது டிவி அதை அகலப்படமாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் பிளேயரின் மெனுவில் மாற்ற வேண்டும். டிவி வகை 16:9 என்றே இருக்கட்டும். அதன் பக்கத்தில் ‘ஸ்கிரீன் ஃபார்மட்’ போன்ற பெயரில் இருப்பதை, படத்தின் விகிதத்தைக் காப்பாற்றும் தேர்வுக்குக் கொண்டுபோங்கள். கார் சக்கரம் வரும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள், அது வட்டமாக இருந்தால் சரி. 55 இன்ச் திரையில் இரண்டு பக்கமும் சுமார் 15 செ.மீ. கறுப்புப் பட்டை விழும். அது இருக்க வேண்டியதுதான்.

இரவுக் காட்சிகள் துலங்காததற்குப் பெரும்பாலும், பிளேயரையும் டிவியையும் இணைக்கும் எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியே போகும் கறுப்பு அளவுதான் காரணம். வீடியோவில் ஒளியைக் குறிக்கும் எண்களில் கறுப்பு 16, வெள்ளை 235. பிளேயர் 0–255 என்று விரித்து அனுப்ப, டிவி 16–235ஐ எதிர்பார்த்தால், நிழல்கள் மொத்தமாகக் கறுப்பில் மூழ்கிவிடும். நேர்மாறாக இருந்தால் கறுப்பெல்லாம் சாம்பலாக வெளுக்கும். இரண்டு பக்கமும் ‘லிமிடெட்’ அல்லது ‘லோ’ என்று வையுங்கள். முதல் சீசனில், முற்றத்தில் அந்த ஆரஞ்சு சோபா இரவில் வரும் காட்சியைப் போட்டுச் சோதியுங்கள். உட்கார்ந்திருப்பவரின் கறுப்புச் சட்டை மடிப்பும் பின்னால் இருக்கும் செங்கல் சுவரும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். டைனமிக் கான்ட்ராஸ்ட், நாய்ஸ் ரிடக்‌ஷன் இரண்டையும் அணைத்துவிடுங்கள், ஷார்ப்னஸை நன்றாகக் குறையுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் கட்டாயம் அணையுங்கள். சோனியில் அது மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன். அது ஓடினால் பால்டிமோர் தெரு, ஸ்டுடியோவில் எடுத்த மெகா சீரியல் போலாகிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் தெரியாமல் இருப்பது டிவிடியின் எல்லை. 720×480 புள்ளிகளுக்கு மேல் அதில் கிடையாது. மூன்று மீட்டராவது தள்ளி உட்காருங்கள்.

ப்ளூ-ரேயில் முகங்களின் தோல் நிறம், இருட்டில் கட்டடங்களின் ஆழம் எல்லாம் டிவிடி பக்கத்திலேயே வர முடியாத அளவுக்குத் தெளிவு. வாங்க எனக்குத் தடையில்லை. ஆனால் பெட்டியின் பின்புறம், எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்பதைச் சொல்லும் மண்டலக் குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள். அமெரிக்கா ஏ, இங்கிலாந்து பி, நமக்கு சி. உங்கள் பிளேயர் அமெரிக்க டிவிடியை ஓட்டுவதால் அமெரிக்க ப்ளூ-ரேயையும் ஓட்டும் என்று நம்பிவிடாதீர்கள், இரண்டுக்கும் பூட்டு வேறு வேறு. கம்ப்யூட்டர் டிரைவ் என்றால் டிவிடி மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்றலாம், அதன்பின் கடைசியாக வைத்ததிலேயே நின்றுவிடும். மலிவாகக் கிடைக்கிறதென்று இங்கிலாந்து டிவிடியையும் வாங்க வேண்டாம். அங்குள்ள ‘பேல்’ என்ற வீடியோ முறையில், விநாடிக்கு 24 ஃப்ரேமை 25 ஆக ஓட்டுவதால் 58 நிமிட அத்தியாயம் 56 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். குரல்களும் லேசாக உயரும்.

டிஸ்க்கைத் துடைக்கும்போது மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள், சுற்றித் துடைக்கக் கூடாது. டிவிடியில் தகவல் அடுக்கு 0.6 மி.மீ. ஆழத்தில் இருப்பதால் மேல்கீறலைக் கடையில் பாலிஷ் போட்டு எடுக்கலாம். ப்ளூ-ரேயில் ஆழம் 0.1 மி.மீ.தான், அதற்கு பாலிஷ் போட்டால் டிஸ்க்கே போய்விடும்.

முதல் இரண்டு சீசனை டிவிடியிலேயே பார்த்து முடியுங்கள், கோல்ஸ்பெரி உயிரோடு இருந்தபோது உருவானவை அவை. மூன்றிலிருந்து ப்ளூ-ரேக்கு மாறலாம். எதில் பார்த்தாலும் ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். பால்டிமோர் தெருப்பேச்சு அமெரிக்கர்களுக்கே சட்டென்று பிடிபடாது.