உடைந்த கார்பன் பிரேமை வீட்டிலேயே ஒட்டலாமா?

கேள்வி: காரின் கூரை கேரியரில் கட்டியிருந்த என் கார்பன் இழை சைக்கிள், தாழ்வான நுழைவாயிலில் மோதிவிட்டது. பிரேமின் மேல் குழாயான டாப் டியூப் நடுவில் நசுங்கிப் பிய்ந்திருக்கிறது. ஹேண்டில் பக்கமிருந்து பெடல் பக்கம் சரியும் டவுன் டியூபில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். இருக்கையைத் தாங்கும் தண்டான சீட்போஸ்ட்டைக் கவ்வும் இடத்தில் பெயிண்ட்டில் மெல்லிய கோடு. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. நானே ஒட்டிக்கொள்ள முடியுமா?

பதில்: டாப் டியூபை ஒட்டலாம். டவுன் டியூபைச் சோதித்த பிறகுதான் சொல்ல முடியும். ஆனால் எனக்குப் பயம் தருவது, ஃபோர்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நீங்கள் எழுதியிருக்கும் வரிதான். முன்சக்கரத்தைக் கழற்றி ஃபோர்க்கைக் கவ்வும் வகை கேரியராக இருந்தால், மோதியபோது முழு நெம்பலையும் வாங்கியது அதுதான். அதன் தண்டு பிரேமின் முன்முனைக் குழாயான ஹெட் டியூபுக்குள் மறைந்திருப்பதால் வெளியிலிருந்து எதுவும் தெரியாது. எஃகு ஃபோர்க் என்றால் பெரும்பாலும் வளைந்து காட்டிக்கொடுக்கும். கார்பன் அப்படியில்லை, ஓடும்போதே சட்டென்று முறியலாம். முறிந்தால் முகம் குப்புற விழுவீர்கள். ஃபோர்க்குக்கும் ஹேண்டில்பாருக்கும் ஒட்டு வேலையே வேண்டாம். புதிது போடுங்கள்.

அடுத்து, சேதம் எதுவரை போயிருக்கிறது என்று பாருங்கள். எல்லாப் பாகங்களையும் கழற்றிவிட்டு, ஒரு நாணயத்தால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும். அடுக்குகள் பிரிந்த இடத்தில் மொத்தென்று கேட்கும். சுவரின் தடிமன் மாறும் இடங்களிலும் ஒலி மாறும். அதனால் இடது பக்கத்தை வலது பக்கத்தோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். மொத்தென்று கேட்கும் எல்லையைச் சாக்பீஸால் குறியுங்கள். கண்ணுக்குத் தெரிந்த விரிசலைவிட அந்த வட்டம் பெரிதாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அடி வெளியே பட்டாலும் உள் அடுக்குதான் பல சமயம் முதலில் உடைகிறது.

சீட்போஸ்ட் அருகேயுள்ள கோட்டை நுண்ணிய உப்புத்தாளால், தண்ணீர் விட்டு, பெயிண்ட் மட்டும் போகும்படி தேயுங்கள். பெயிண்ட்டோடு கோடும் மறைந்தால் நிம்மதி. கறுப்பு இழைக்குள்ளும் தொடர்ந்தால் அந்த இடத்தை அனுபவமுள்ள ஆளிடம் கொடுத்துவிடுங்கள். அங்கே உள் அளவும் மாறக்கூடாது, கிளாம்ப் இறுக்கத்தையும் தாங்க வேண்டும். பெயிண்ட் நீக்கும் ரசாயனம் எங்கேயும் வேண்டாம், அது இழைகளைப் பிணைத்திருக்கும் எபாக்ஸிப் பசையையும் தின்னும்.

சரி, டாப் டியூப். முறிந்த இழையை யாராலும் மறுபடி இணைக்க முடியாது. பழைய இழையின் பாரம் ரெசின் (அதே எபாக்ஸிப் பசைதான்) வழியாகப் புது இழைக்குப் போய், மறுபக்கம் திரும்பப் பழைய இழைக்கு வர வேண்டும். அந்தப் பாரம் கடக்க நிறையப் பரப்பு தேவை. அதனால்தான் உடைசலைச் சுற்றி நீண்ட சரிவாகத் தேய்க்கச் சொல்கிறேன். குழாய்ச் சுவர் 1 மி.மீ. என்றால் சரிவு ஒவ்வொரு பக்கமும் 30 மி.மீ. வரை நீளட்டும். விமானங்களின் கார்பன் பாகங்களைப் பழுதுபார்ப்பவர்களும் இப்படித்தான் சரிவு எடுக்கிறார்கள். நல்ல பிரேமை இவ்வளவு தேய்ப்பதா என்று மனசு கேட்காது. ஆனாலும் தேயுங்கள். விரிசலின் மேல் நேராக நாலு சுற்றுக் கார்பன் துணி சுற்றி ஒட்டிய பிரேம்கள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், ஒட்டின் ஓரத்தில் மறுபடி பிளந்திருக்கும்.

தேய்க்கும்போது வரும் தூசியை அலட்சியம் செய்யாதீர்கள். கார்பன் இழையின் தடிமனே 5 முதல் 7 மைக்ரான்தான். ஈரமாகத் தேயுங்கள், என்95 அல்லது அதற்கு மேற்பட்ட முகக்கவசமும் கண்ணாடியும் போடுங்கள், குழந்தைகள் நடமாடும் அறையில் இந்த வேலை வேண்டாம். எபாக்ஸி தோலில் படாமல் நைட்ரைல் கையுறை அவசியம். அதனால் வரும் ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கப் போகாது.

இரண்டு குழாய்களையும் ஒரே நேரத்தில் வெட்டாதீர்கள். டாப் டியூபை முடித்து இறுகவிட்ட பிறகே டவுன் டியூபைத் தொடுங்கள், இல்லாவிட்டால் பிரேம் கோணிவிடும். பின்சக்கர அச்சு உட்காரும் டிராப்அவுட் ஒன்றில் ஒரு நூலைக் கட்டி, ஹெட் டியூபைச் சுற்றி மறு டிராப்அவுட்டுக்கு இழுத்துவந்து, இருக்கைக்குக் கீழே நிற்கும் சீட் டியூபிலிருந்து இரு பக்கமும் நூல் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று அளந்துகொண்டே இருங்கள்.

நசுங்கிய பகுதியை வெட்டி எடுத்ததும், உள்ளே தாங்குவதற்கு ஒரு மெல்லிய கார்பன் உறையை எபாக்ஸியோடு செருக வேண்டும். ஆதரவு இல்லாத துணியை அழுத்தினால் உள்ளே குழிந்துவிடும். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள கார்பன் துணி ஓர் அடுக்கு ஏறக்குறைய கால் மி.மீ. வரும். எத்தனை அடுக்கு போயிற்றோ அத்தனையும் திரும்ப வர வேண்டும். ஒவ்வொன்றும் முந்தையதைவிட எல்லா ஓரத்திலும் 10 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். திசை முக்கியம்: வளைவைத் தாங்கக் குழாயின் நீளவாக்கில் சில அடுக்குகள், முறுக்கைத் தாங்க 45 டிகிரியில் சில. பெடலை மிதிக்கும்போதெல்லாம் டவுன் டியூப் முறுக்கப்படுகிறது, அங்கே 45 டிகிரி அடுக்கைக் குறைக்கவே கூடாது. அதன் சேதம் பெடல் அச்சு இருக்கும் பாட்டம் பிராக்கெட்டையோ ஹெட் டியூபையோ எட்டியிருந்தால் வீட்டு வேலையை அதோடு நிறுத்திவிடுங்கள்.

எபாக்ஸியைக் கிராம் தராசில் நிறுத்துக் கலக்குங்கள். அதை இறுகவைக்கும் ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்பது தவறு. விகிதம் பிசகினால் அது முழுசாக இறுகவே இறுகாது. துணியின் மேல், பிறகு உரித்தெடுக்கக்கூடிய பீல் ப்ளை துணியைச் சுற்றி, அதற்கு மேல் இன்சுலேஷன் டேப்பைப் பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி இழுத்துச் சுற்றி, குண்டூசியால் குத்துங்கள். மிச்ச ரெசினும் காற்றுக் குமிழியும் அந்த ஓட்டைகள் வழியே வெளியேறும். ஒரு நாள் இறுகியபின், ரெசினோடு வரும் தாளில் சொன்ன வெப்பநிலைக்கு மெதுவாக ஏற்றிச் சில மணி நேரம் வையுங்கள். அறை வெப்பத்தில் மட்டும் இறுகிய எபாக்ஸி பல, 50, 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். வெயிலில் பூட்டி நிற்கும் காருக்குள் கறுப்பு பிரேம் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும்.

அப்புறம், பெயிண்ட் அடிக்கும் அவசரம் வேண்டாம். ஒட்டின் ஓரங்களில் மெல்லிய கோடு வரைந்து, சமதரையில் மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு முறையும் பாருங்கள், தட்டுங்கள். புதிதாகக் கிறீச்சிட்டால் அன்றே ஓட்டுவதை நிறுத்துங்கள்.

கேள்வி: என் அப்பாவின் பழைய பிரேமில் கார்பன் குழாய்கள் அலுமினிய இணைப்புகளில் செருகப்பட்டிருக்கின்றன. ஒரு மூட்டு ஆடுகிறது, வெள்ளைப் பொடி உதிர்கிறது. கார்பன் கெட்டுவிட்டதா?

பதில்: கார்பன் நன்றாகவே இருக்கலாம், அரித்தது அலுமினியம்தான். இரண்டும் நேரடியாகத் தொட்டு, நடுவில் வியர்வையோ உப்புத்தண்ணீரோ போனால் மின்வேதி அரிப்பு தொடங்கும். கார்பன் குழாய் பிரேம்கள் பந்தயங்களில் பரவிய 1980களில் பலவும் இப்படித்தான் செய்யப்பட்டன. மூட்டை முழுவதும் பிரித்து, பொடியைச் சுத்தமாக நீக்கி, நடுவே மெல்லிய கண்ணாடி இழை அடுக்கு வைத்து எபாக்ஸியால் மறுபடி ஒட்ட வேண்டும். இடுக்கில் பசை ஊற்றுவது பலன் தராது. ஒரு மூட்டு ஆடினால் மற்றவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

கேள்வி: ஒட்டிய பிரேமை விற்கலாமா?

பதில்: விற்கலாம். எங்கே, எப்படி ஒட்டினீர்கள் என்று வாங்குபவரிடம் சொல்லி, வேலை நடந்தபோது எடுத்த படங்களையும் கொடுங்கள். சொல்லாமல் விற்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.