மீந்துபோன நான்கு மாத்திரைகள்

கேள்வி: ஐந்து நாட்களாகச் சளியும் இருமலும் இருக்கின்றன. தண்ணீர் போல இருந்த சளி இப்போது பச்சையாக வருகிறது. முன்பு தொண்டை வலிக்கு எழுதித் தந்த ஆன்டிபயாடிக்கில் நான்கு மாத்திரைகள் மீதமுள்ளன. அவற்றைச் சாப்பிடலாமா, டாக்டர்?

பதில்: வேண்டாம். சளி பச்சையானால் கிருமி முற்றிவிட்டது என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. உண்மையில் அந்த நிறம், கிருமியை எதிர்க்க வந்து மடிந்த உங்கள் வெள்ளை அணுக்களிலுள்ள இரும்பு கலந்த ஒரு நொதியின் நிறம். வைரஸால் வரும் சாதாரண ஜலதோஷத்திலும் சில நாட்களில் சளி இப்படிக் கெட்டிப்பட்டு நிறம் மாறும். ஆகவே நிறத்தை மட்டும் வைத்து மருந்தை முடிவு செய்ய முடியாது. பென்சிலின் வகை மருந்துகள் பாக்டீரியா தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பவிடாமல் தடுத்து அதைக் கொல்கின்றன. வைரஸுக்கு அந்தச் சுவரே கிடையாது.

சளியைத் தொடாத அந்த மாத்திரை குடலில் சும்மா இருப்பதில்லை. அங்கே வாழும் நல்ல பாக்டீரியாக்களை அழிப்பதால் வயிற்றுப்போக்கு வரலாம். மருந்துக்குத் தாக்குப்பிடிக்கும் சில மட்டும் எஞ்சிப் பெருகும். சாதகமான சூழலில், குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும் என்பதையும், மருந்துக்குத் தாக்குப்பிடிக்கும் திறனுக்கான மரபணுவை வேறு இனப் பாக்டீரியாவுக்கும் அதனால் கைமாற்ற முடியும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங், 1945இல் நோபல் பரிசு உரையிலேயே குறைந்த அளவில் மருந்து உட்கொள்வதன் ஆபத்தை எச்சரித்திருக்கிறார்.

அந்த நான்கும் எப்படி மீந்தன என்று நீங்கள் எழுதவில்லை. வலி குறைந்ததும் நீங்களாகவே நிறுத்தியிருந்தால், இனி அப்படிச் செய்யாதீர்கள். எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்பது நோய்க்கு நோய் மாறும், அதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

இப்போதைக்கு ஓய்வும், போதிய நீரும், மூக்கடைப்புக்கு ஆவி பிடிப்பதும் போதும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் நீடிக்கலாம். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, சளியில் இரத்தம், விடாத காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலோ, சற்றுத் தேறிய பின் உடல்நிலை மீண்டும் மோசமானாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். போகும்போது அந்த மாத்திரை அட்டையையும் கொண்டுபோய்க் காட்டி, முன்பு அதைச் சாப்பிட்டபோது தடிப்போ அரிப்போ வந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.