82 வயதில் தொடையெலும்பு முறிந்தால் சத்திரசிகிச்சை செய்வதா, படுக்கையில் வைத்துப் பார்ப்பதா?

உங்கள் அம்மம்மாவின் வயதைக் காட்டி, கத்தி வைக்க வேண்டாம் என்று வீட்டில் பலர் சொல்லத் தொடங்கியிருப்பார்கள் என நினைக்கிறேன். நான் வைத்தியன் அல்லன். திருகோணமலை உப்புவெளியில் என் மாமியாருக்காக இதே வாக்குவாதத்தில் நின்றவன்.

விடியற்காலை கிணற்றடியில் வழுக்கி விழுந்த மாமியின் வலது கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சுக்கு அழைத்த பிறகும், நாட்டு முறிவு வைத்தியரிடம் கொண்டுபோகலாம் என்றார் அயலவர் ஒருவர். அந்த வைத்தியத்தை இழிவுபடுத்துகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கை நெரிவுக்கு நானே பத்துப் போட்டவன். ஆனால் தொடையெலும்பின் கழுத்து, அதாவது இடுப்பு மூட்டை ஒட்டிய ஒடுங்கிய பகுதி, முறியும்போது அதன் தலைக்குப் போகும் இரத்தக் குழாய்களும் அறுபடக்கூடும் என்பதால், அது கட்டி ஒட்டவைக்கும் இடமன்று என்று வைத்தியசாலையில் எலும்பு நிபுணர் படம் வரைந்தே விளக்கினார்.

முதியவரின் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் முறிவைவிட அதற்குப் பின்னான கிடைதான். வாரக்கணக்கில் மல்லாந்து கிடப்பவருக்குச் சளி தங்கி நிமோனியா வரலாம். காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலை அடைக்கலாம். முதுகிலும் குதிக்காலிலும் படுக்கைப்புண் விழும். இவ்வகை முறிவுக்குள்ளான முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரோ அதற்கு மேலோ ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்பது பல நாடுகளின் அனுபவம். அதனால்தான் பிரித்தானிய வழிகாட்டல், அனுமதித்த அன்றோ மறுநாளோ சத்திரசிகிச்சை செய்யச் சொல்கிறது. இதயப் பரிசோதனைக்காகச் சற்றுத் தாமதிப்பது நியாயம். கனடாவிலிருக்கும் மைத்துனரின் சம்மதத்துக்காகத் தாமதிப்பது நியாயமன்று. வருடக்கணக்கில் தாயை வந்து பாராதவர்களுக்கு இந்த வேளையில் மட்டும் தீர்ப்புச் சொல்லும் உரிமை எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை. மாமியின் புத்தி தெளிவாகவே இருந்தும் அவரிடம் எவரும் கேட்கவில்லை. என் மனைவி கேட்டபோதுதான், "என்னை எழும்பி நடக்க விடுங்கோ" என்று சொல்லித் தாமே கையொப்பமிட்டார்.

உடைந்த தலைப்பகுதியை எடுத்துவிட்டு உலோகத்தலை பொருத்தினார்கள். அன்றிரவு மாமி, முன்பே இறந்துபோன தம் தமக்கையுடன் பேசத் தொடங்கியதும் நாங்கள் நடுங்கிவிட்டோம். முதியவர்களுக்கு இத்தகைய குழப்பம் வருவது வழமை என்றும், பழகிய முகமும் மூக்குக்கண்ணாடியும் அருகில் இருந்தால் பெரும்பாலும் தெளியும் என்றும் தாதி சொன்னார். மறுநாளே இயன்மருத்துவர் நடைச்சட்டத்தைப் பிடித்து நிற்கவைத்தார்.

இதயமோ நுரையீரலோ மிகவும் தளர்ந்தவர்களுக்குக் கணக்கு வேறாகலாம். அதை மயக்கமருந்து நிபுணர் சொல்லட்டும், உறவினர் சொல்ல வேண்டாம். வீடு திரும்புமுன் எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாவதற்கான (osteoporosis) மருந்தைப் பற்றியும் கேளுங்கள், ஏனெனில் ஒரு பக்கம் முறிந்தவருக்கு மறுபக்கமும் முறியும் அபாயம் அதிகம். எங்களுக்கு அதை எவரும் தாமாகச் சொல்லவில்லை. கிளினிக்கில் கேட்ட பின்னரே எழுதித் தந்தார்கள்.