தங்கை மகளின் நர்சிங் கடனுக்கு ஜாமீன்: கணவரின் சம்மதம் வேண்டுமா?

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வர்த் வாசகி ஒருவரின் கேள்வி: என் தங்கை மகளுக்கு டர்பனில் ஒரு தனியார் கல்லூரியில் மூன்றாண்டு நர்சிங் டிப்ளமோவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. தேசிய மாணவர் நிதியுதவித் திட்டத்தில் (என்.எஸ்.எஃப்.ஏ.எஸ்.) மறுத்துவிட்டார்கள். தங்கை கணவருக்கு நிலையான வேலை இல்லாததால், பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் நான் ஜாமீன் நின்றால்தான் வங்கி கடன் தருமாம். என் கணவருக்கு இதில் விருப்பமில்லை. என் சம்பளத்தை நம்பி நான் கையெழுத்துப் போட அவரை எதற்குக் கேட்க வேண்டும்? பிள்ளை பாதியில் படிப்பை விட்டால் எங்கள் வீட்டை எடுத்துக்கொள்வார்களா? 1996-இல் கோவிலில் தாலி கட்டி, அன்றே திருமணத்தைப் பதிவு செய்தோம். சொத்து ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாக எழுதியிருக்கும் வரியில்தான் உங்கள் முதல் கேள்விக்கு விடை இருக்கிறது. திருமணத்துக்கு முன் நோட்டரியிடம் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாமல் பதிவுத் திருமணம் செய்தவர்களின் சொத்தும் கடனும் தென்னாப்பிரிக்கச் சட்டப்படி ஒரே கூட்டுச் சொத்தாகின்றன. உங்கள் பெயரில் வரும் சம்பளமும் அதில் அடக்கம். ஆகவே, தன் தொழிலின் வழக்கமான போக்கில் அல்லாமல் பிறருக்காக ஜாமீன் நிற்கும் கணவனோ மனைவியோ, அந்த ஒரு செயலுக்கென்றே தனியாக எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட சம்மதத்தை மற்றவரிடம் பெற வேண்டும் என்று 1984-ஆம் ஆண்டின் திருமணச் சொத்துச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கூறுகிறது. (கோவிலில் தாலி கட்டியதோடு நிறுத்தி, பதிவே செய்யாத தம்பதிகள் நம்மிடையே இன்னும் உண்டு. அவர்களுடைய நிலை வேறு.)

வங்கிப் படிவத்தில் ‘தனித்தனிச் சொத்து’ என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டால் கணவருக்குத் தெரியாமல் முடித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வங்கிக்கு உண்மை தெரியாமலும், தெரிந்துகொள்ள நியாயமான வழி இல்லாமலும் இருந்தால், கணவர் சம்மதித்ததாகவே சட்டம் கொள்ளும். ஜாமீன் செல்லுபடியாகும். ஆனால் அவர் சம்மதிக்கமாட்டார் என்று தெரிந்தே நீங்கள் கையெழுத்திட்டதால், கூட்டுச் சொத்துக்கு நேரும் நஷ்டம் அச்சொத்து பிரியும் நாளில் உங்கள் பங்கிலிருந்து அவருக்குச் சரிக்கட்டப்படும்.

வீட்டைப் பொறுத்தவரை, சட்டப்படி ஆபத்து உண்டு. ஆனால் அது ஒரே நாளில் நடப்பதில்லை. தவணை தவறினால், 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டத்தின் 129-ஆம் பிரிவின்படி வங்கி முதலில் உங்களுக்கு அறிவிப்பு அனுப்பி, 10 வேலை நாட்களாவது காத்திருந்த பிறகே வழக்குத் தொடர முடியும். தீர்ப்பு வந்த பின்னும், குடியிருக்கும் வீட்டை ஏலம் விட உயர் நீதிமன்ற விதி 46ஏ-இன் கீழ் நீதிமன்றம் சூழ்நிலையைத் தானே ஆராய்ந்து அனுமதிக்க வேண்டும். தவணை தவறிய காலத்தில் சேரும் வட்டியும் கட்டணங்களும், தவறிய நாளில் பாக்கியிருந்த அசலைத் தாண்டக் கூடாது என்ற பாதுகாப்பும் உண்டு.

ஒரு பாதுகாப்பு மட்டும் உங்களுக்குக் கிடைக்காது. அதைப் பலர் அறியாமல் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். திருப்பிக் கட்டச் சக்தி இருக்கிறதா என்று பார்க்காமல் கொடுத்த கடனைப் ‘பொறுப்பற்ற கடன்’ என்று நீதிமன்றம் ஒதுக்கிவைக்கலாம் என்பது பொதுவிதி. தேசியக் கடன் சட்டத்தின் 78-ஆம் பிரிவு கல்விக்கடனுக்கு அந்த விதியிலிருந்து விலக்கு அளிக்கிறது. ‘என் சம்பளத்தை வங்கி சரியாகப் பார்க்கவில்லை’ என்ற வாதம் நாளை எடுபடாது என்பதால், கணக்கை இன்றே நீங்கள்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஜாமீன் படிவத்தில் இரண்டு வாசகங்களைத் தேடுங்கள். ‘இன்றுள்ள மற்றும் இனி ஏற்படும் எல்லாக் கடன்களுக்கும்’ என்று இருந்தால், முதலாண்டுக் கட்டணத்துக்கென்று நீங்கள் போடும் கையெழுத்து மூன்றாண்டுக் கடனையும், அதற்குப் பின் அந்தப் பெண் அதே வங்கியில் வாங்கும் கடனையும்கூடப் பிடித்துக்கொள்ளும். அதை அடித்துவிட்டு, ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மட்டும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மற்றொன்று, முதலில் கடன் வாங்கியவரிடம் வசூலிக்க முயலுங்கள் என்று கேட்கும் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுக்கும் வாசகம். இதை வங்கிகள் எளிதில் நீக்குவதில்லை. இருந்தால், வங்கி நேராக உங்களிடம் வரும் என்று பொருள்.

கல்லூரியைப் பற்றியும் விசாரியுங்கள். அந்தக் குறிப்பிட்ட படிப்புக்குத் தென்னாப்பிரிக்க நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் இல்லையென்றால், முடித்தாலும் அவர் நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது. வங்கிக் கடன் மட்டும் அப்படியே நிற்கும். கல்லூரியின் பேச்சை நம்பாமல் கவுன்சிலிடமே கேட்பது நல்லது.

நிதியுதவித் திட்டம் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசுத் தொழிற்கல்லூரிகளுக்கும் மட்டுமே உரியது என்பதால், தனியார் கல்லூரிக்கு மறுத்ததில் வியப்பில்லை. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்திலோ நர்சிங் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்து, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 350,000 ராண்டுக்குள் இருந்தால், அவர் மீண்டும் விண்ணப்பிக்கலாம். அங்கே கணக்கில் வருவது அவருடைய பெற்றோரின் வருமானம். உங்கள் சம்பளம் அல்ல. உங்கள் கணவர் கடைசிவரை சம்மதிக்காவிட்டால், நீதிமன்றத்தை அணுகி அனுமதி பெற்றாலொழிய நீங்கள் ஜாமீன் நிற்க வழியில்லை என்பதால், அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கான விண்ணப்பங்களை இப்போதே அனுப்பிவைக்கும்படி தங்கையிடம் சொல்லுங்கள்.