வாரத்துக்கு 21 நாள்

கேள்வி: செங்கோட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன், வயது 46. மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனையில் 21 நாளுக்கு ஒருமுறை கீமோ. ஆறில் இரண்டு முடிந்தது, மூன்றாவது வரும் திங்கட்கிழமை. அங்கே நோயாளிகளோடு வருகிறவர்கள் தங்குவதற்கு நிதி திரட்ட, ஜனவரி கடைசி ஞாயிறு இங்கிருந்து கொல்லத்துக்குச் சுமார் நூறு கிலோமீட்டர் சைக்கிள் பயணம் ஏற்பாடாகியிருக்கிறது. பேர் கொடுக்கச் சொன்னதே அவள்தான். திங்கட்கிழமையிலிருந்து எண்ணினால் சரியாக 12 வாரம். முன்பு ஞாயிறுதோறும் 40 கிலோமீட்டர் ஓட்டுவேன். ஐந்து மாதமாக அது இல்லை. நெட்டில் எடுத்த பயிற்சி அட்டவணை இரண்டாவது வாரமே குலைந்துபோனது. சைக்கிளை வெளியே எடுத்தாலே மாமியார் முகம் மாறுகிறது. எப்படிப் பயிற்சி செய்வது? புது சைக்கிள் வாங்க வேண்டுமா?

பதில்: அட்டவணை குலைந்ததற்கு உங்களைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். அது ஞாயிற்றுக்கிழமை லீவு உள்ள ஆளுக்குப் போட்டது. உங்கள் வீடு இப்போது ஓடுவது 21 நாள் கணக்கில். சுவரில் தொங்கும் மாதக் காலண்டரைக் கழற்றி, மருந்து ஏறும் திங்கட்கிழமையில் 1 என்று எழுதுங்கள். அங்கிருந்து 21 வரை வரிசையாக எண்ணைப் போட்டு, மறுபடி 1. இனி உங்களுக்கு ஒரு வாரம் என்பது அதுதான்.

மருந்துக்கு மருந்து, ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும் பொதுவாக முதல் நான்கைந்து நாள் குமட்டல், சோர்வு, வாய்க்கசப்பு. நீங்களும் திருவனந்தபுரம் போய், ஓ.பி.யில் காத்திருந்து, பஸ்ஸில் பாதித் தூக்கமாகத் திரும்பியிருப்பீர்கள். அந்த நாட்களில் சைக்கிளே வேண்டாம். இதை நஷ்டமாக நினைக்காதீர்கள். நல்ல கோச் யாராக இருந்தாலும் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பயிற்சியைக் குறைக்கத்தான் சொல்வார். மிதித்ததை உடம்பு தேற்றிக்கொள்வது ஓய்வில்தான். உங்கள் ஓய்வு வாரத்தை உங்கள் மனைவியின் மருந்தே குறித்துக் கொடுத்துவிடுகிறது.

ஏழிலிருந்து பதினாலு வரைதான் நான் கவலைப்படுகிற நாட்கள். கிருமியை எதிர்க்கிற வெள்ளையணுக்கள் மிகவும் குறைவது பெரும்பாலும் அப்போதுதான். ஆனால் பார்க்க ஆள் தெளிவாக இருப்பார்கள், இரண்டு இட்லி கூடச் சாப்பிடுவார்கள், நீங்களும் 'இன்னைக்குக் கொஞ்சம் தூரமாப் போயிட்டு வரலாம்' என்று கிளம்புவீர்கள். அந்த எட்டு நாளும் வீட்டிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் தாண்டாதீர்கள். இலஞ்சிப் பக்கமோ பண்பொழிப் பக்கமோ சுற்றுங்கள். போன் மணி காதில் விழட்டும், அழைத்தால் அரை மணி நேரத்தில் வாசலில் நிற்க வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் காலைவரை பொறுத்துப் பார்க்கிற பேச்சே கிடையாது. பாராசிட்டமால் கொடுத்து அமுக்கிவிடாமல் உடனே டாக்டரை அழைக்க வேண்டும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். நடுராத்திரியில் திருவனந்தபுரம் பக்கமில்லை. அதனால் இந்த மாதிரி நேரத்தில் தென்காசியில் எங்கே போவது என்பதை இந்தத் திங்கட்கிழமையே டாக்டரிடம் கேட்டு, அந்த நம்பரை உங்கள் போனிலும் மாமியார் போனிலும் போட்டு வையுங்கள்.

15 முதல் 21 வரை உங்கள் நாட்கள். நீண்ட தூரம் எல்லாம் அங்கேதான். இந்தச் சுற்றில் 25, பிறகு 35 கிலோமீட்டர். நாலாவது சுற்றில் 40, 50. ஐந்தாவதில் 60, 75. அதற்கு மேல் வேண்டாம். 75 ஓட்டிய கால் நூறு ஓட்டும். இடையில் நடுவாரத்தில் இரண்டு மூன்று நாள் 40 நிமிடம் போதும். வேகத்தை அளக்க மீட்டர் தேவையில்லை. மிதித்துக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் சரியான வேகம், மூச்சு இடையில் அறுந்தால் குறையுங்கள். உங்கள் நேரத்தில் பெரும்பகுதி இந்தப் பேசுகிற வேகத்திலேயே போகலாம். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் சேர்த்து ஓட்டி ஈடுகட்டாதீர்கள். பத்து நாள் ஓய்வில் நீங்கள் இழப்பது கொஞ்சம்தான். கிளம்பும் முன் பிரஷரும் சுகரும் பார்த்துவிடுங்கள். ஏற்றத்தில் நெஞ்சு அழுத்தினால் அன்றைக்கே ஈ.சி.ஜி.

மழைக்கும் பாதுகாப்புக்கும் சேர்த்து ஒரு யோசனை: பின்சக்கரத்தை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கிற ஸ்டாண்டு. ட்ரெய்னர் என்று கேட்டால் கிடைக்கும். தார்சாவில் (வீட்டு முன்கூடத்தில்) போட்டு அவர்கள் மதியம் கண்ணயரும்போது மிதிக்கலாம். கூப்பிட்டால் இறங்க ஐந்து வினாடி. ஐப்பசி, கார்த்திகை மழையில் இது இல்லாவிட்டால் உங்கள் பயிற்சி பாதி நனைந்துபோகும்.

தூக்கத்தில் மட்டும் சமரசம் கிடையாது. முந்தின இரவு ஐந்து மணி நேரம்கூடத் தூங்கவில்லை என்றால் ரோட்டில் இறங்காதீர்கள். இதை நான் பிசியோதெரபிஸ்டாகச் சொல்வதைவிட, விழுந்தவனாகச் சொல்கிறேன். அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்த காலம். ஒரு இரவு முழுக்க அவருக்கு மூச்சுத் திணறல். விடியலில் 'தலை தெளியட்டும்' என்று சைக்கிளை எடுத்தேன். ஆரியங்காவு இறக்கத்தில் ஒரு வளைவில் கண் ஒரு நொடி சொருகியது. மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் அப்பாவைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைத்தது 61 வயது அம்மா.

நீங்கள் கொண்டுவரும் கிருமியும் அதே மாதிரிதான், கஷ்டப்படுவது வீட்டில் இருப்பவர். திரும்பியதும் நேராக அவர்களிடம் போகாமல் சோப்புப் போட்டுக் கை கழுவி, குளித்து, உடை மாற்றுங்கள். சளி பிடித்தால் மாஸ்க், தனிப் படுக்கை. 7 முதல் 14 வரை குழுவாக ஓட்டுகிற எதற்கும் போகாதீர்கள். வீட்டில் உள்ளவர்கள் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

இனி பாதை. புளியரை எஸ் வளைவு உங்களுக்குப் பக்கம்தான், ஆனால் கார்த்திகை பிறந்தால் அந்த ரோடு ஐயப்ப பக்தர்களுடையது. ராத்திரி முழுக்கக் கண்விழித்து வேன் ஓட்டி வருகிறவர்களும், எந்நேரமும் போகிற டாரஸ் லாரிகளும் இருக்கிற வளைவில் இருட்டில் மிதிக்க வேண்டாம். நன்றாக விடிந்தபின், 15ஆம் நாளுக்குப் பிறகு, கோட்டைவாசல் வரை ஏறி இறங்குங்கள். நான்கைந்து தடவை போதும். மலைக்குள் சிக்னல் விட்டு விட்டு வரும் என்பதால் அன்று வீட்டில் இன்னொரு ஆள் இருந்தாக வேண்டும். ஏற்றத்தைத் தாண்டிவிட்டால் கொல்லம்வரை இறக்கம்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தென்மலைப் பக்கம் பதிமூன்று கண் பாலம் வரைக்கும் மனம் குளிரும். புனலூர் தாண்டியதும் தொடங்கும், கொட்டாரக்கரை, குண்டறை என்று ஏறி இறங்கி ஏறி இறங்கி. ஈரக்காற்று வேறு. வீரர்கள் கழன்றுபோவது மலையில் இல்லை, இங்கேதான். ஆரியங்காவு இறக்கத்தில் பிரேக்கை ஒரேயடியாகப் பிடிக்காமல் விட்டு விட்டுப் பிடியுங்கள், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் தண்ணீர், அதில் உப்பு இருக்க வேண்டும், ஓ.ஆர்.எஸ். அல்லது உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. இளநீரில் பொட்டாசியம் உண்டு, வியர்வையில் போகிற அளவுக்குச் சோடியம் கிடையாது. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும்; நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம். கூடவே கடலை மிட்டாய். எதையும் 60 கிலோமீட்டர் ஓட்டும் நாளிலேயே தின்று பழகிவிடுங்கள். முந்தின இரவு பிரானூர் பார்டர் பரோட்டாவைத் தொடாதீர்கள், அது கொல்லத்திலிருந்து திரும்பியபின். இன்னொன்று: முதல் வாரத்தில் முட்டை பொரிக்கிற வாசனைகூட அவர்களுக்கு ஆகாது. உங்கள் ஆம்லெட்டைக் கடையில் முடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு கணக்கு. எல்லாம் சொன்ன தேதியில் நடந்தால், பயணம் விழுவது ஆறாவது மருந்து ஏறி 20 நாள் கழித்து. நல்ல நாள். ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் ரத்தப் பரிசோதனை உண்டு; அணுக்கள் ஏறவில்லை என்றால் மருந்தைத் தள்ளிப்போடுவார்கள், இது சாதாரணமாக நடப்பதுதான். ஒரு வாரம் தள்ளினால் பயணம் 13 நாளில். இரண்டு வாரம் தள்ளினால் 6 நாளில். அப்படியானால் நீங்கள் கொல்லத்தில் நிற்கிற சாயங்காலம் அவர்கள் அணுக்கள் இறங்கிக்கொண்டிருக்கும். இதை ஏற்பாட்டாளர்களிடம் இப்போதே சொல்லுங்கள். தேவையானால் தென்மலையோடு நிறுத்திக்கொள்வேன், இல்லை அன்று வரவே மாட்டேன், என் பேரில் வந்த பணம் அப்படியே சேரட்டும் என்று. பணம் தருகிறவர்களிடமும் அதையே. நூறு கிலோமீட்டரையும் ரசீதையும் முடிச்சுப்போட வேண்டியதில்லை.

பணம் கேட்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அவர்கள் படத்தையோ நோயையோ போடுமுன் கேளுங்கள். அதுவும் குமட்டல் இல்லாத ஒரு நாளில் கேளுங்கள், முடி கொட்டிய பிறகு மறுபடி கேளுங்கள். பேர் கொடுக்கச் சொன்னவர் என்பதால் எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டாக்டர் சரி என்றால் அவர்களும் தெருமுனைவரை நடக்கலாம்; கீமோ காலத்திலும் மிதமான நடை சோர்வைக் குறைக்கும். அதைப் போட்டியாக்காதீர்கள்.

மாமியாருக்கு உங்கள் சைக்கிள்மேல் கோபம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மகளைப் போட்டுவிட்டு இவர் எப்போது திரும்புவார் என்பது தெரியாத கோபமாக இருக்கும். எண் போட்ட காலண்டரை அவர் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டுங்கள். 'அத்தை, இன்னைக்கு எட்டு, பண்பொழியோட வந்துருவேன், ஏழரைக்கு வாசல்ல நிப்பேன்' என்று சொல்லிவிட்டுப் போய், ஏழேகாலுக்கு வாருங்கள். 60, 75 ஓட்டும் நாட்களில் ஐந்து மணி நேரம் அவர்தான் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும்; அதற்கு முந்தின நாள் அவருக்கு முழு ஓய்வு, சமையல் உங்களுடையது.

புது சைக்கிள் வேண்டாம். இருக்கிற சைக்கிளுக்கு இரண்டு டயர், பிரேக் கட்டை, செயின் மாற்றுங்கள், பின்விளக்கு ஒன்று, நல்ல ஹெல்மெட் ஒன்று, அடியில் பேட் வைத்த ஷார்ட்ஸ் ஒன்று. சீட் உயரத்தைப் பாருங்கள்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் முழங்கால் நேராக நிற்க வேண்டும். ரிப்பேர் கடையில் சைக்கிளை விடும்போது நாள் எண்ணிப் பார்த்து விடுங்கள்; இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ என்றால் நல்லது, அப்போது உங்களுக்கு அது தேவைப்படாது.