எதிர்காலக் கதையில், அரசுக்கும் சொந்த ஊருக்கும் நடுவே தவிக்கும் இளம் சிப்பாயை நம்பும்படி எழுதுவது எப்படி?

நீங்கள் தந்திருக்கும் கதைச் சுருக்கம் இது: ஆண்டு 2080. தாமிரபரணித் தண்ணீர் முழுவதும் ராணுவத்தின் கையில். இருபது வயதுப் பையன் ஒருவனை அவனுடைய சொந்த ஊர் மடைக்கே காவல் போடுகிறார்கள். வயல் காய்கிறது, ஊர் பட்டினி கிடக்கிறது. கடைசி அத்தியாயத்தில் அவன் துப்பாக்கியை ஆற்றில் வீசிவிட்டுப் போராளிகளோடு சேர்கிறான்.

களம் அருமை. பையன்தான் ஒட்டவில்லை. அவன் தவிக்கிறான் என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்கிறீர்களே தவிர, தவிப்பதற்கு ஒரு காரணமும் வைக்கவில்லை. உங்கள் படையில் எல்லோரும் கொடியவர்கள், ஊரில் எல்லோரும் நல்லவர்கள். அப்படியென்றால் அவன் முதல் அத்தியாயத்திலேயே ஓடி வந்திருக்க வேண்டுமே!

நம் திருநெல்வேலிச் சீமைக்காரர் யார் எழுத உட்கார்ந்தாலும் கட்டபொம்மன், எட்டப்பன் என்ற இரண்டு அச்சுகள்தான் கைக்கு வருகின்றன. இதே மண்ணில் யூசுப்கானும் இருந்தார். மருதநாயகமாகப் பிறந்து, ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து உயர்ந்து, நெற்கட்டும்செவல் பூலித்தேவரை எதிர்த்துக் கம்பெனிக்காகப் போரிட்டவர். மதுரையையும் திருநெல்வேலியையும் நிர்வகித்தவர். பிறகு அதே கம்பெனியையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்து நின்று, சொந்த ஆட்களே பிடித்துக் கொடுக்க, 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிடப்பட்டவர். உங்கள் பையனுக்கு முன்னோடி வேண்டுமென்றால் இவரைப் பாருங்கள்.

படை அவனுக்கு என்ன கொடுத்தது என்பதை முதலில் எழுதுங்கள். பாளையங்கோட்டையில் விடியுமுன் மைதானத்தில் ஓடிப் பழகும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு ராணுவம் என்பது மாதச் சம்பளம், அக்காள் கல்யாணக் கடன், ஊரில் ஒரு மரியாதை. 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் பணி நான்கு ஆண்டு. முடிவில் அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்குத்தான் நிரந்தரப் பணி. எதிர்காலப் படைக்கு இதற்கு மேல் பயங்கரமாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம், இதையே கொஞ்சம் நீட்டினால் போதும். நான்கு பேரில் ஒருவனாகத் தேற வேண்டும் என்ற பதற்றம் சாட்டையைவிட நன்றாக வேலை வாங்கும். அவன் ஆணைக்குப் பணிவது கொள்கையால் அல்ல, அந்தக் கணக்கால். பக்கத்துக் கட்டிலில் படுப்பவனும் அதே கணக்கில்தான் இருக்கிறான். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் இவன் கஞ்சி வாங்கிவந்து கொடுப்பான். அந்தக் கட்டிலையும் விட்டுத்தான் இவன் ஓட வேண்டும்.

ஊரின் பிடியையும் இதே அளவு துல்லியமாகக் காட்டுங்கள். 'மண்ணின் மணம்' எல்லாம் வேண்டாம். சுடலைமாடன் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, வரி பிரிக்கும் நோட்டு ஒன்று போதும். நீளவாக்கில் மடித்த கணக்கு நோட்டு, ஓரம் எண்ணெய்க் கறை, தலைக்கட்டு தலைக்கட்டாகப் பெயர். அவன் எந்த எல்லையில் இருந்தாலும் அந்தப் பெயருக்கு நேரே வரி கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால், கூட்டத்தில் பெயரைச் சத்தமாக வாசிப்பார்கள். படையிலோ தினமும் காலையில் ஆஜர் எடுப்பார்கள். அவன் பெயர் இரண்டு இடத்திலும் இருக்கிறது, இரண்டு இடத்திலும் கூப்பிட்டால் 'இருக்கிறேன்' என்று சொல்லியாக வேண்டும்.

இனி, கதையின் பெரிய ஓட்டை. எந்த அரசு சொந்த ஊர் மடைக்குச் சொந்த ஊர்ப் பையனைக் காவல் போடும்? கொடுங்கோல் அரசு முட்டாள் அரசு அல்ல. 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரில் போராடிய பட்டாணியர் கூட்டத்துக்கு எதிரே ஆங்கிலேயர் நிறுத்தியது கட்வால் மலையிலிருந்து வந்த சிப்பாய்களை. மொழி வேறு, மதம் வேறு. அப்படியிருந்தும் சந்திர சிங் கட்வாலியும் தோழர்களும் சுட மறுத்தார்கள். ராணுவ நீதிமன்றத்தில் நின்றார்கள், சிறைக்குப் போனார்கள். அவர்கள் எதிர்த்தரப்பில் போய்ச் சேரவில்லை என்பதைக் கவனியுங்கள். 'இதை மட்டும் செய்ய மாட்டேன்' என்று நின்ற இடத்திலேயே நின்றார்கள். உங்கள் கதையில் இந்த மூன்றாவது வழியே இல்லை.

ஆகவே பையனை இடம் மாற்றுங்கள். பாபநாசத்துக்குக் கீழே, ஆறு புன்னைக்காயலில் கடலைச் சேருவதற்குள், எட்டு அணைக்கட்டுகள். மூன்றாவது கன்னடியன், கடைசி ஸ்ரீவைகுண்டம். பையனின் ஊரை ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே கடைமடையில் வையுங்கள். காவல் வேலையைக் கன்னடியனில் கொடுங்கள். கன்னடியன் கால்வாயின் தலைமதகை அடைத்தால் வீரவநல்லூர், சேரன்மகாதேவிப் பக்கம் கார் நெல் காயும். ஆனால் அங்கே போகாத தண்ணீர் அணைக்கட்டின் மேல் வழிந்து கீழே இறங்கும். கீழே என்றால் இவனுடைய ஊர்.

இப்போது பாருங்கள். ஆணைக்குப் பணிந்தால் சொந்த ஊருக்கு நன்மை. காய்வது இவனுக்கு உறவில்லாதவர் வயல். ஆனால் அந்த உறவில்லாதவர்கள்தான் இவனுக்கு இரண்டு மாதமாக மோர் கொடுக்கிறார்கள். ஷட்டர் இயக்கும் பழைய லஸ்கர் ஒருவரை அங்கே வையுங்கள். இவன் அவரைத் 'தாத்தா' என்பான். அவரோ சீருடையைப் பார்த்து இவனை 'சார்' என்பார். கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் அடைக்கச் சொல்லி ஆணை வருகிறது. தாத்தா கிரீஸ் படிந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, 'நீங்களே சுற்றுங்கள் சார்' என்று நகர்ந்துவிடுகிறார். ஒரு இரும்புச் சக்கரத்தைப் பத்து நிமிடம் சுற்றும் வேலை, அவ்வளவுதான். குண்டு இல்லை, ரத்தம் இல்லை. சுடு என்றால் மறுக்கத் துணிகிறவன்கூட 'சுற்று' என்றால் சுற்றிவிடுவான்.

மூன்றாம் நாள் அக்காளிடமிருந்து போன் வரட்டும். 'ஏலே, வயலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. நீதான் விட்டாயாமே! கொடையில் உனக்கு மாலை போட வேண்டும் என்று பேசிக்கொள்கிறார்கள்.' இந்தப் போனுக்கு அவன் என்ன பதில் சொல்வான் என்பதில் கதையின் கடைசி மூன்று அத்தியாயமும் இருக்கிறது.

துப்பாக்கியை ஆற்றில் வீசுவதை மட்டும் எடுத்துவிடுங்கள். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த பேரணி தடியடியில் கலைந்து, 17 பேர் இந்த ஆற்றில் இறந்தார்கள். சீருடையையும் இந்த ஆற்றையும் ஒரே காட்சியில் வைத்தால் திருநெல்வேலி வாசகனுக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வரும். சினிமாத்தனமான வீச்சு அங்கே எடுபடாது.

கண்காணிப்புக் கேமரா, ட்ரோன் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அதையும் வெட்டலாம். பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 143 அடி. இன்று எத்தனை அடி என்று காலைப் பத்திரிகையில் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பார்க்கிற ஊர் நம்முடையது. உங்கள் அரசு அந்த எண்ணை வெளியிடுவதைக் குற்றமாக்கட்டும். டீக்கடையில் ஒருவர் பத்திரிகையைப் பிரித்து, வழக்கமான மூலையைத் தேடி, அங்கே சோப்பு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மடித்து வைக்கட்டும். முதல் அத்தியாயத்தை அங்கே தொடங்குங்கள்.